பெர்லினுக்குப் பத்து நாள்

ஷோனான்
2603 ஜூலை 8

தங்கை சந்திரமதிக்கு,

இரண்டு வருஷமாக உனக்கு ஒரு வரி எழுதுவதில்லை என்று இருந்தேன். இப்போது எழுதுவதால் என் மனம் மாறிவிட்டது என்று நினைத்துவிடாதே. அப்பா செத்த ஈரம் காயுமுன்னே, தெங்கேராவில் நம் சனம் அத்தனை பேர் இருக்க, காஜா பெராங்கில் செட்டிமார் குடியிருப்பான கம்பத்துக்குப் போய், வாயைத் திறந்தால் மலாய் தவிர வேறெதுவும் வராத ஒருவனைக் கட்டிக்கொண்டாய். நெற்றி நிறைய விபூதி, பேச்சில் ஒரு தமிழ் வார்த்தை கிடையாது. கல்யாணத்துக்கு நான் வராததற்கு அதுதான் காரணம். அந்தக் காரணம் இன்னும் அப்படியே இருக்கிறது.

எழுத வேண்டிய விஷயம் வேறு. ஜப்பான்காரர்கள் சிங்கப்பூருக்கு ஷோனான் என்று பேர் மாற்றி, வருஷத்தையும் தங்கள் கணக்கில் 2603 ஆக்கிய பிறகு, நான் இங்கே ரேடியோ நிலையத்தில் தமிழ்ச் செய்தி வாசிக்கிறேன். மலாக்கா மார்க்கெட் முனையில் கட்டியிருக்கும் ஒலிபெருக்கியில் என் குரலைக் கேட்டிருப்பாய். எங்கள் பிரிவுக்கு மேலதிகாரி ஒகுமுரா என்பவர். போன வாரம் என்னைக் கூப்பிட்டு, பெர்லின் நகரத்திலிருந்தும் தமிழில் ஒலிபரப்பு நடக்கிறது, இங்கிருந்து ஒருவர் போய்ப் பத்து நாள் தங்கிப் பேசிவிட்டு வர வேண்டும், உன் பெயரைச் சொல்லலாமா என்று கேட்டார். நீயே யோசித்துப்பார். நம் குடும்பத்தில் சிங்கப்பூருக்கு அப்பால் போனவர்கள் யார்? எப்படிப் போவது என்பதை எழுதக் கூடாது. பினாங்கு வரைக்கும் ரயில், அதற்கு மேல் கேட்காதே.

அங்கே கடுங்குளிர். வக்கீல் துரை தன் ஊருக்குத் திரும்பும்போது, தன்னிடம் வேலை பார்த்த அப்பாவுக்குக் கொடுத்த கறுப்புக் கம்பளிக் கோட்டு உன்னிடம் இருக்கிறது. அது மூத்த மகனுக்குச் சேர வேண்டியது. இந்தக் கடிதத்தைக் கொண்டுவரும் லாரி கலியாணசுந்தரம் கையில் அதைக் கொடுத்தனுப்பு. தடித்த காலுறை ஏதும் இருந்தால் அதுவும். சுக்கும் மிளகும் கொஞ்சம் பொட்டலம் கட்டி வை.

இப்படிக்கு,
தம்பிராஜா

•

காஜா பெராங், மலாக்கா
சுபானு வருஷம், ஆடி 2

அண்ணன் தம்பிராஜா அவர்களுக்கு,

உங்கள் கடிதம் கிடைத்தது. நலமா என்று ஒரு வார்த்தை அதில் இருக்கிறதா என்று திருப்பித் திருப்பிப் பார்த்தேன். கோட்டு இருந்தது, காலுறை இருந்தது, மிளகு இருந்தது. தங்கச்சியைக் காணவில்லை.

மார்க்கெட் முனையில் உங்கள் குரலைக் கேட்கிறேன், கேட்காமல் தப்பிக்க முடியாது. ஜெயித்தோம் ஜெயித்தோம் என்று நீங்கள் முழங்குகிறீர்கள், நாங்கள் கீழே மரவள்ளிக்கிழங்குக்கு வரிசையில் நிற்கிறோம்.

என் வீட்டுக்காரர் பிச்சையைப் பற்றி எழுதியிருக்கிறீர்கள். அவருக்குத் தமிழ் வராதுதான். இந்தக் கம்பத்தில் யாருக்கும் வராது. ஆனால் நம் தாத்தா கப்பல் ஏறுவதற்குப் பல நூறு வருஷத்துக்கு முன்னாலேயே இவர்கள் இங்கே கோயில் கட்டிக் கும்பிட்டவர்கள். அப்பா படுக்கையில் கிடந்தபோது, கல்யாணத்துக்கு முன்னாலேயே, மலம் அள்ளிப் போட்டவர் இந்தப் பிச்சைதான். தமிழ் தெரிந்த மகன் அப்போது சிங்கப்பூரில் சினிமா பார்த்துக்கொண்டிருந்தார்.

நானும் விஷயத்துக்கு வருகிறேன். சயாமில் ரயில் பாதை போட ஆள் பிடிக்கிறார்கள். வேலையில்லாத ஆம்பிளை இருக்கும் வீடுகளின் பட்டியல் கம்பத்துத் தலைவரிடம் வந்துவிட்டது. இவர் முன்னே டவுனில் ஆபீஸ் எழுத்தர், இப்போது புக்கிட் பாருவில் கிழங்கு நடுகிறார். அதை வேலை என்று அவர்கள் ஒப்புக்கொள்வதில்லை. போனவர்களில் ஒருவர் திரும்பி வந்ததாக நான் கேள்விப்படவில்லை. கலியாணசுந்தரம் அண்ணன் சொல்கிறார், ரேடியோ நிலையத்து அதிகாரி முத்திரை போட்டு, இந்த ஆள் எங்களுக்கு வேண்டும் என்று ஒரு தாள் கொடுத்தால் கூலி ஆபீசில் பேரை அடித்துவிடுவார்களாம். உங்கள் ஒகுமுராவிடம் கேளுங்கள். எனக்காக இதுவரை ஒன்றும் செய்ததில்லை, இந்த ஒன்றைச் செய்யுங்கள்.

கோட்டு பத்திரமாக இருக்கிறது.

சந்திரமதி

•

ஷோனான்
2603 ஜூலை 29

சந்திரமதிக்கு,

அப்பாவை இழுத்துப் பேசாதே. மாதாமாதம் பணம் அனுப்பியது யார் என்று அவர் ஆவியைக் கேள்.

நீ கேட்பது உனக்குச் சின்ன விஷயமாகத் தெரிகிறது. ஒகுமுராவிடம் நினைத்தபோதெல்லாம் போய் நிற்க முடியாது. அந்த மனிதரிடம் ஒரு தடவை வாய் திறக்கலாம். இரண்டாம் தடவை திறந்தால் இவன் காரியக்காரன் என்று ஒதுக்கிவிடுவார். பெர்லின் பட்டியலில் இரண்டு பெயர் இருக்கிறது. ஒன்று நான், இன்னொன்று எப்போதும் தொண்டை கட்டியிருக்கும் ஒருவன். இந்த நேரத்தில் போய், என் தங்கை புருஷனைக் காப்பாற்றுங்கள் என்று அழுதால் யார் போவான் என்று நினைக்கிறாய்?

சயாம் சயாம் என்று எல்லாரும் பயமுறுத்துகிறார்கள். சம்பளம் உண்டு, சாப்பாடு உண்டு என்று நானே செய்தியில் வாசித்திருக்கிறேன். ஆறு மாதம் போய்வந்தால் உடம்பு இறுகும்.

என் திட்டத்தைச் சொல்கிறேன், அப்போதாவது எவ்வளவு பெரிய காரியம் என்று உனக்கு விளங்கும். ஒரு ஜெர்மன் கம்பெனிக்காரர் விட்டுப்போன வீட்டில் பழைய வழிகாட்டிப் புத்தகம் ஒன்று அகப்பட்டது. படம் போட்டது, வரைபடத்தோடு. பத்து நாளில் ஆறு நாள் ஒலிபரப்புக்குப் போய்விடும். மீதியில், முதல் நாள் காலையிலேயே தூண்கள் வைத்த பெரிய வாசலைப் பார்த்துவிட்டு, அதிலிருந்து நேரே போகும் மரச்சாலையில் நடக்க வேண்டும். ஆற்றுக்கு நடுவே ஒரு தீவு முழுக்க மியூசியம்தான், அதற்கு ஒரு நாள் போதாது, ஆனாலும் ஒரு நாள்தான். மிருகக்காட்சிசாலை இருக்கிறது. ஏரிக்குப் போவதா, அரண்மனைக்குப் போவதா என்பதுதான் இன்னும் முடிவாகவில்லை. ஊருக்குள் போய்வரப் பூமிக்கடியில் ரயில் ஓடுகிறதாம்! அதில் ஒரு தடவையாவது ஏறி, ஏறிய இடத்திலேயே இறங்குவேன். மாமிசம் தொடாமல் எப்படிச் சமாளிப்பது என்பதுதான் கவலை. உருளைக்கிழங்கு தாராளமாகக் கிடைக்கும் என்று போட்டிருக்கிறது.

கோட்டு வந்து சேரவில்லை. கலியாணசுந்தரம் வெறுங்கையோடு வந்து நின்றான். இன்னொரு தடவை அப்படி நடக்கக் கூடாது.

தம்பிராஜா

•

காஜா பெராங்
ஆடி 25

அண்ணன் அவர்களுக்கு,

படித்தேன். அங்கே நீங்கள் பூமிக்கடியில் ஓடும் ரயிலில் ஏறப்போகிறீர்கள். இங்கே ரயில் போடப் போன ஆட்கள்தான் பூமிக்கடியில் போகிறார்கள். அடுத்த தெரு மீனாச்சி புருஷன் ஆனியில் போனார். அவர் கூடப் போய்க் காட்டு வழியாகத் தப்பி வந்த ஒருவன் சொல்கிறான், வாந்தியும் பேதியுமாய் விழுந்தவர்களை மூச்சு இருக்கும்போதே குழியில் தள்ளுகிறார்களாம். உடம்பு இறுகுமாம்! உங்களுக்கு அந்த வரியை எழுதக் கை கூசவில்லையா?

மிருகக்காட்சிசாலை வேறு. யானை பார்க்க அவ்வளவு தூரம் போவானேன், காஜா பெராங் என்றால் மலாயில் மதம் பிடித்த யானை, எங்கள் ஊர்ப் பேரிலேயே ஒன்று இருக்கிறது. வாருங்கள், காட்டுகிறேன்.

கலியாணசுந்தரம் அண்ணன் இன்னொன்றும் சொன்னார். அந்த ஊரில் குண்டு விழுகிறதாம். நீங்கள் வைத்திருக்கும் புத்தகத்தில் அது போட்டிருக்காது.

கெஞ்சிப் பார்த்தேன், பயனில்லை. இனி வியாபாரம்தான் பேச வேண்டும். அடுத்த வாரம் இவர் பேர் கூப்பிடுவார்கள். முத்திரை போட்ட தாள் என் கைக்கு வந்தால் அதே லாரியில் கோட்டு ஏறும். தாள் வராவிட்டால் கோட்டை டவுனில் விற்றுக் காட்டுக் காய்ச்சலுக்குக் கொய்னா மாத்திரை வாங்கி அவர் மடியில் கட்டி அனுப்புவேன். நீங்கள் சட்டைமேல் சட்டை போட்டுக்கொண்டு பெர்லின் போகலாம்.

சந்திரமதி

•

ஷோனான்
2603 ஆகஸ்டு 19

சந்திரமதிக்கு,

இந்தா, நீ கேட்ட தாள். அண்ணனிடம் பேரம் பேசும் புத்தி எங்கிருந்து வந்தது என்று தெரியும், நல்ல இடத்தில்தான் வாழ்க்கைப்பட்டிருக்கிறாய்.

ஜப்பானிய எழுத்தில் இருக்கிறது. உனக்கும் படிக்கத் தெரியாது, அவனுக்கும் தெரியாது, அதனால் பிரித்துப் பார்த்து அழுக்காக்காதே. ஒகுமுராவின் முத்திரை கீழே இருக்கிறது. எப்படி வாங்கினேன் என்பது எனக்குத்தான் தெரியும். எடுத்துப்போய்க் கூலி ஆபீசில் நீட்டினால் போதும், அவன் வாயைத் திறக்கவே வேண்டாம்.

கோட்டை இதே லாரியில் அனுப்பு. பித்தான்கள் சரியாக இருக்கின்றனவா என்று பார்த்துத் தைத்து அனுப்பு. அடுத்த மாதக் கடைசியில் கிளம்ப வேண்டியிருக்கலாம். ஏரிக்குத்தான் போவதென்று முடிவு செய்துவிட்டேன்.

தம்பிராஜா

•

காஜா பெராங்
ஆவணி 20

தம்பிராஜா அண்ணனுக்கு,

அந்தத் தாளில் என்ன எழுதியிருந்தது என்று எனக்கு இப்போது தெரியும். உங்களுக்கு முன்னாலேயே தெரியும்.

தாள் வந்த அன்று இந்த வீட்டில் அழுகைக்குப் பதிலாகச் சிரிப்பு இருந்தது. என் மாமியார் கோயிலுக்கு ஓடினார். நான் உட்கார்ந்து உங்கள் கோட்டுக்குப் பித்தான் தைத்தேன். உங்களை இத்தனை நாள் வைததற்கு மனசுக்குள் மன்னிப்புக்கூடக் கேட்டேன். அதை நினைத்தால் இப்போது என் வாயில் நானே அடித்துக்கொள்ளத் தோன்றுகிறது.

மறுநாள் காலை அவர் வெளுத்த சட்டை போட்டுக்கொண்டு போனார். நானும் கூடப் போனேன், பெண்களை வெளியே நிறுத்திவிட்டார்கள், ஆனால் ஜன்னல் திறந்திருந்தது. ஜப்பான் அதிகாரி தாளைப் படித்துவிட்டு முதலில் தலையை ஆட்டினான். பிறகு மொழிபெயர்ப்புக்கு வைத்திருக்கும் நல்லையா என்ற நம் ஆளைக் கூப்பிட்டான். நல்லையா தாளில் இருப்பதைக் கேட்டுவிட்டு இவரைப் பார்த்துச் சிரித்தார்.

"ஓ, ரேடியோவுல தமிழ்ச் செய்தி வாசிக்கப் போறீங்களா? நல்ல வேலதான். எங்க, ரெண்டு வரி வாசிங்க, கேப்போம்" என்றார்.

அவர் கெட்ட மனிதர் இல்லை. விளையாட்டாகத்தான் கேட்டார். இவருக்குச் சிரிப்பு விளங்கியது, பேச்சு விளங்கவில்லை. நல்லையா மேசைமேல் கிடந்த தமிழ்ப் பேப்பரை எடுத்துக் கையில் கொடுத்தார். இவர் வாங்கிப் பிடித்துக்கொண்டு நின்றார். எவ்வளவு நேரம் நின்றார் தெரியுமா? கடைசியில் தனக்குத் தெரிந்த ஒரே தமிழைச் சொன்னார். கோயிலில் பண்டாரம் சொல்லிக்கொடுத்த முருகன் துதி. பொருள் தெரியாமல் பாடமாக்கியது. பேப்பரைப் பார்த்துக்கொண்டே, செய்தி வாசிக்கிற மாதிரி, அதை முழுக்கச் சொன்னார்.

நல்லையாவின் முகம் செத்துவிட்டது. சமாளிக்கப் பார்த்தார், நன்றாக வாசிக்கிறார் என்று அதிகாரியிடம் சொல்லியிருப்பார் போல. ஆனால் அங்கே நின்ற இன்னொரு தமிழன், இந்தாள் சாமி கும்பிடுகிறார் என்று சொல்லிச் சிரித்துவிட்டான். அதிகாரி இரண்டு கன்னத்திலும் அறைந்தான். பொய்த் தாள், ஒற்றன் என்று கத்தினான். வீட்டுக்கு வந்து துணி எடுத்துக்கொள்ளக்கூட விடவில்லை. சாயங்காலம் லாரியில் ஏற்றிவிட்டார்கள். நான் கட்டிக்கொடுத்த கிழங்குப் பொட்டலம் ஆபீஸ் படியிலேயே கிடந்தது.

தமிழ் வராதவன் என்றுதானே நீங்கள் என் கல்யாணத்துக்கு வரவில்லை? போவோர் வருவோருக்கெல்லாம் அதைச் சொல்லி மானத்தை வாங்கினீர்களே, தாள் எழுதும்போது மட்டும் மறந்துவிட்டதா? உண்மையைச் சொல்லுங்கள். மறந்தீர்களா, அல்லது தெரிந்தே எழுதினீர்களா?

கோட்டு உங்களிடம் வந்து சேர்ந்திருக்கும். தாள் வந்த அன்றே லாரியில் ஏற்றிவிட்டேன். நான் சொன்ன சொல் தவறுகிறவள் இல்லை.

சந்திரமதி

•

ஷோனான்
2603 செப்டம்பர் 14

சந்திரமதிக்கு,

ஆளைப் பிடித்துக் குற்றம் சொல்வது உனக்கு எப்போதும் கைவந்தது. எழுத்தர் வேலைக்கு என்று எழுதினால் ஒகுமுரா முத்திரை வைக்கமாட்டார். எழுத்தர் ஊருக்கு ஆயிரம் பேர். தமிழ் வாசிக்க ஆள் வேண்டும் என்றால்தான் வைப்பார். அவருக்கு முன்னால் நின்றபோது வாயில் அதுதான் வந்தது. அவன் பெயர் பிச்சை, நெற்றியில் விபூதி. எந்த ஜப்பான்காரனுக்கு அவன் தமிழ் பேசமாட்டான் என்று தோன்றும்? ஆபீசில் சோதனை வைப்பார்கள் என்று எனக்கு யார் சொன்னார்கள்?

மறந்தேனா, தெரிந்து செய்தேனா என்று கேட்கிறாய். நான் கோட்டை நினைத்துக்கொண்டிருந்தேன். வேறெதையும் நினைக்கவில்லை. இதற்கு மேல் என்ன பதில் வேண்டும்?

நானும் கேட்கிறேன். இரண்டு வருஷம் கூட வாழ்ந்தாயே, நாலு வார்த்தை தமிழ் சொல்லிக் கொடுத்திருக்கலாமே? நீதான் அங்கே போய் மலாய் பேசப் பழகினாய்.

கோட்டு வந்தது. உள் துணியைப் பூச்சி அரித்திருக்கிறது. பத்து நாளை ஏழு நாளாகக் குறைத்திருக்கிறார்கள், மியூசியத்தை விட வேண்டியதுதான்.

தம்பிராஜா

•

ஷோனான்
2604 ஜனவரி 3

அன்புள்ள தங்கை சந்திரமதிக்கு,

நாலு மாதமாக உன் கடிதம் இல்லை. கலியாணசுந்தரம் என்னைக் கண்டால் லாரியின் மறுபக்கம் போய்விடுகிறான். இந்தக் கடிதத்தை அவனிடம் கையைப் பிடித்துக் கொடுக்கிறேன்.

பெர்லின் இல்லை. மலாக்கா ஆபீசிலிருந்து ஒகுமுராவுக்கு ஒரு தாள் போயிருக்கிறது, உங்கள் முத்திரையோடு ஒரு போலி ஆள் வந்தான் என்று. அவர் மேலதிகாரிகள் முன்னால் நிற்க வேண்டியதாயிற்று. என்னைக் கூப்பிட்டு ஒன்றும் கேட்கவில்லை, மேசையில் இருந்த தடித்த அகராதியால் முகத்தில் அடித்தார். ஒரு காது சரியாகக் கேட்பதில்லை. என் இடத்துக்கு அந்தத் தொண்டை கட்டியவனை எடுத்துக்கொண்டார்கள். அவனும் போகவில்லை. அந்த ஊரில் இப்போது போய்ப் பார்க்க ஒன்றும் மிஞ்சவில்லை என்று நிலையத்தில் ரகசியமாகப் பேசிக்கொள்கிறார்கள்.

வேலை போய்விட்டது. வேலையில்லாத ஆம்பிளை என்றால் என்ன என்று நீதான் எனக்கு எழுதினாய். நான் இருக்கும் தெருவிலும் பட்டியல் எடுக்கிறார்கள். எனக்குப் பயமாக இருக்கிறது, சந்திரா. மறைத்து எழுத என்ன இருக்கிறது? சாப்பிட முடியவில்லை, கதவு தட்டினால் மூத்திரம் வந்துவிடுகிறது.

மச்சான் வீட்டில் ஆள் பிடித்தாகிவிட்டது, அந்த வீட்டை மறுபடி தட்டமாட்டார்கள் என்று எல்லாரும் சொல்கிறார்கள். கொஞ்ச நாள் மட்டும் வந்து இருந்துவிட்டுப் போகிறேன். புக்கிட் பாருவில் கிழங்கு நடுகிறேன். உன் மாமியார் காலில் வேண்டுமானாலும் விழுகிறேன். மச்சானைப் பற்றிச் செய்தி ஏதும் உண்டா? கோட்டை அரிசிக்குக் கொடுத்துவிட்டேன்.

வரலாமா என்று ஒரு வார்த்தை எழுது.

அண்ணன்
தம்பிராஜா

•

காஜா பெராங்
தை 2

தம்பிராஜாவுக்கு,

மச்சான் என்று எழுத வந்துவிட்டதா? அவர் இந்த வாசலில் நின்று உன்னை ஒரு தடவை அப்படிக் கூப்பிட ஆசைப்பட்டார். சொல் சரியாக இருக்கிறதா என்று என்னிடம் கேட்டுக் கேட்டுச் சொல்லிப் பார்த்தார். நான் அவருக்குத் தமிழ் சொல்லிக் கொடுக்கவில்லை என்றாயே, அந்த ஒரு வார்த்தை கொடுத்திருந்தேன்.

செய்தி கேட்டாய். செய்தி இல்லை. அவர் ஏறிய லாரியில் போனவர்கள் எந்த முகாமில் இறங்கினார்கள் என்று சொல்லக்கூட ஆள் இல்லை.

உன் கடிதம் போகிக்கு முதல் நாள் வந்தது. இந்தக் கம்பத்தில் போகி அன்று செத்தவர்களுக்குப் படையல் போடுவார்கள். பார்ச்சு என்பார்கள். வீட்டில் செத்தவர்கள் எத்தனை பேரோ அத்தனை வாழை இலை, ஒவ்வொரு இலையிலும் அந்தந்த ஆளுக்குப் பிடித்த சாப்பாடு. சாம்பிராணி போட்டுக் கும்பிட்டு, வீட்டுக் கதவைச் சாத்திவிட்டு எல்லாரும் வெளியே வந்துவிடுவார்கள். செத்தவர்கள் வந்து சாப்பிட்டுப் போவார்கள் என்பது கணக்கு. இந்த வருஷம் சோறு ஏது? கிழங்கைத்தான் அவித்துத் துருவி எல்லா இலையிலும் வைத்தோம்.

மாமனார் இலை, அவருடைய அப்பா அம்மா இலை, எல்லாம் போட்டாயிற்று. நான் இன்னொரு இலையை எடுத்தேன். எத்தனை நாள்தான் என்னை நானே ஏமாற்றிக்கொள்வது என்று இருந்தது. மாமியார் என் கையைப் பிடித்துவிட்டார். "டியா பெலும் மாத்தி" என்றார். அவன் இன்னும் சாகவில்லை என்று அர்த்தம். அந்தக் கிழவி இலையைப் பிடுங்கவில்லை, அடிக்கவில்லை, அதையே சொல்லிச் சொல்லி என் தோளில் சாய்ந்து அழுதார். நானும் அழுதேன். அவர் சொன்னதை நம்பினேனா என்று கேட்காதே.

எடுத்த இலையை இங்கே திருப்பி வைக்கக் கூடாது, ஆகாது. யாருக்குப் போடுவது என்று மாமியார் கேட்டார். என் அண்ணனுக்கு என்று சொன்னேன். உனக்கு அண்ணன் இருக்கிறாரே, உயிரோடுதானே இருக்கிறார் என்று மலாயில் கேட்டார். இல்லை அம்மா, போய்விட்டார் என்றேன். மாமியார், உன் அண்ணனுக்கு என்ன பிடிக்கும் என்று மட்டும் கேட்டார்.

உனக்குப் பிடித்தது எனக்கு மறக்கவில்லை. பக்கத்து வீட்டில் கடன் வாங்கி ஒரு நெத்திலிக் கருவாட்டைச் சுட்டு உன் இலையில் வைத்தேன். இப்போது மாமிசம் தொடுவதில்லை போல, பெர்லினைப் பற்றி எழுதியபோது படித்தேன். சின்ன வயதில் என் தட்டிலிருந்து திருடித் தின்றவன் நீ. பொய் சொல்லமாட்டேன், நீ இங்கே வந்து என் முன்னால் உட்கார்ந்திருந்தால் தேவலை என்று அந்த நேரம் தோன்றியது. பிறகு ஆபீஸ் ஜன்னல் நினைவுக்கு வந்தது. கதவைச் சாத்தினேன்.

வரலாமா என்று கேட்டாய். பதில் எழுதுகிறேன். வருஷத்துக்கு ஒரு நாள், போகி அன்று, எல்லாரும் வெளியே போன பிறகு வா. இலை போட்டிருப்பேன். சாப்பிட்டுவிட்டுப் போய்விடு. மற்ற நாள் இந்த வீட்டில் உயிரோடிருப்பவர்களுக்கு மட்டும்தான் இடம், அதில் ஒருவர் இன்னும் வர வேண்டியிருக்கிறது.

சந்திரமதி